தாளில் எதை முடிப்பது, திரையில் எதைத் தொடங்குவது

விளக்க ஓவியம் பயில வரும் மாணவர் பெரும்பாலும் முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார். நீர்வண்ணத்தில் கை படிவதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். டிஜிட்டல் மென்பொருள் ஒன்றைத் தடுமாறாமல் கையாள்வதற்கும் கணிசமான உழைப்பு வேண்டும். நாளை வேலை தரப்போகிறவரோ பெரும்பாலும் கோப்பாகத்தான் கேட்பார். அப்படியிருக்க, தாளைக் குறைத்துக்கொண்டு திரைக்குப் போய்விடலாமா, அல்லது அடிப்படை உறுதிப்படும்வரை திரையைத் தொடாமலே இருக்கலாமா, அல்லது இரண்டுக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பங்கிடலாமா? சரிபாதிப் பங்கீடு நியாயமாகத் தோன்றும். என் கணிப்பில் மூன்றிலும் அதுதான் பலவீனமானது. ஏனென்றால் பங்கிட வேண்டியவை வாரத்தின் மணிநேரங்கள் அல்ல, ஓர் ஓவியம் உருவாகும் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் பிழை நிலைத்து நிற்பது மாணவருக்கு நல்லது, எந்தக் கட்டத்தில் அது சுவடில்லாமல் அழிவது நல்லது என்று பிரித்துப் பார்த்தால், தாளுக்கும் திரைக்கும் உரிய இடங்கள் ஓரளவு தெளிவாகிவிடும்.

நடைமுறையில் மாணவர் முன் உள்ள வழிகள் நான்கு. முதல் வரைவிலிருந்து இறுதி வண்ணம்வரை அனைத்தையும் தாளிலேயே செய்து, முடிந்ததை ஸ்கேன் செய்து அனுப்புவது ஒன்று. அனைத்தையும் திரையிலேயே செய்வது இன்னொன்று. கோட்டைத் தாளில் மையால் போட்டு, வண்ணத்தைத் திரையில் தீட்டுவது மூன்றாவது. அமைப்பையும் வண்ணத் திட்டத்தையும் திரையில் முடிவு செய்துவிட்டு, இறுதி ஓவியத்தை மட்டும் தாளில் தீட்டுவது நான்காவது. வாதங்கள் எல்லாம் முதல் இரண்டைப் பற்றியே நடக்கின்றன. தொழிலில் இருப்பவர்களில் பலர் பின்னிரண்டில் ஏதோ ஒரு வடிவத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு தோளின் வளைவை வரையும் மாணவர், கோடு பிசகினால் அன்டூ செய்து மீண்டும் வரைவார், மீண்டும் அழிப்பார், பன்னிரண்டாம் முறை தற்செயலாக ஒரு நல்ல கோடு விழும், அதை வைத்துக்கொள்வார். படம் நன்றாக வந்திருக்கும். ஆனால் முந்தைய பதினொரு கோடுகளும் ஏன் பிசகின என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவை திரும்பிப் பார்ப்பதற்குக்கூட இல்லாமல் போய்விட்டன. தாளில் பென்சிலால் வரையும்போது பிழையான கோடு அங்கேயே கிடக்கிறது. சரியான கோடு அதன் பக்கத்தில் விழுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் அவருடைய கண் ஏமாந்த அளவு. மை என்றால் இது இன்னும் கடுமையாகிறது. கரித்துகளும் ஷெல்லாக் என்ற அரக்குப் பிசினும் கலந்த கறுப்பு இந்தியன் இங்க் ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீருக்கும் அசையாது. ஆகவே பேனா தாளைத் தொடுவதற்கு முன் மாணவர் கூடுதலாக நான்கு விநாடி பார்க்கிறார். வரைதலில் பாதிக்கு மேல் பார்த்தல்தான் என்பதால், அந்த நான்கு விநாடிக்காகவே தாளை விடக்கூடாது என்று சொல்வேன்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதைத் தாள் பற்றாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. திருத்த முடியாமை பயத்தையும் வளர்க்கும். ஆறு மணிநேரம் தீட்டிய நீர்வண்ணத்தில் கடைசிப் பூச்சு கலங்கிப் போவதை இரண்டு மூன்று முறை கண்ட மாணவர், அதன்பின் துணிந்து எதையும் செய்வதில்லை. வெளிர் நிறங்களிலேயே நின்றுவிடுகிறார். போதாததற்கு, செலவுக்கு அஞ்சி மரக்கூழால் செய்த மெல்லிய தாளை வாங்குகிறார். அந்தத் தாளில் பெரும்பாலும் ஜெலட்டின் அல்லது மாவுப்பொருள் கொண்டு செய்யப்படும் பசைப்பதம், அதாவது நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு, போதுமானதாக இருப்பதில்லை. ஆகவே நீர் மேற்பரப்பில் தங்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது, வண்ணத்தை மீண்டும் நனைத்துத் தூக்கி எடுக்க முடிவதில்லை, தாளும் அலையலையாக நெளிகிறது. பருத்தி இழையால் ஆன 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளில் அதே கை, அதே வண்ணம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தாளின் குற்றத்தைத் தன் குற்றமாக எண்ணி நீர்வண்ணத்தையே விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் குறைவாக இருந்தால் வண்ணத்தில் மாணவர் தரத்தை வாங்கிக்கொண்டு, நல்ல தாளைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பயன்படுத்துவதே சரி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வேலை கொடுத்தவர் திருத்தம் கேட்கும்போது நிலைமை அப்படியே மாறிவிடுகிறது. சிறுமியை இடப்பக்கம் நகர்த்துங்கள், குடையின் சிவப்பு வேண்டாம், தலைப்புக்கு மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள் என்று சொல்வது அவருடைய உரிமை. லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து வரைந்த கோப்பில் இது சிறிது நேர வேலை. தாளில் முடித்த ஓவியத்தில், குவாஷ் போன்ற மூடும் வண்ணமாக இருந்தால் மேலே பூசிச் சமாளிக்கலாம். நீர்வண்ணமாக இருந்தால் புதிய தாளில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே திருத்த முடியாமை எதையும் கற்பிப்பதில்லை, கெடுவைத்தான் தவறவிடுகிறது. கற்கும்போது பிழை நிற்கட்டும், வேலைக்குப் போகும்போது பிழை அழியட்டும் என்ற இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் நான்கு வழிகளையும் எடைபோடுவது எளிதாகிறது.

வண்ணத்தில் இந்த ஒப்பீடு இன்னும் நுட்பமானது. தாளில் வண்ணம் நிறமியின் கலப்பு. திரையில் அது ஒளியின் கலப்பு. மஞ்சள் நிறமியோடு நீல நிறமியைச் சேர்த்தால் பச்சை வருகிறது. திரையில் தூய மஞ்சளையும் தூய நீலத்தையும் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவைக் குறிக்கும் ஆர்ஜிபி எண்களாகச் சரிபாதியாகக் கலந்தால் கிடைப்பது நடுச்சாம்பல். நிறமிப் படலங்கள் ஒளியை உறிஞ்சுவதையும் சிதறடிப்பதையும் கணக்கிடும் குபெல்கா–முங்க் கோட்பாடு 1931-இல் வெளிவந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு நிறமிபோலக் கலக்கும் பிரஷ்களைச் சில மென்பொருள்கள் இப்போது தருகின்றன என்றாலும், பெரும்பாலான மென்பொருள்களில் மாணவர் வண்ணத்தைக் கலப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறார். அந்த மூன்று ஒளிகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய சானலுக்கு 8 பிட் என்றால் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் அவர் முன் இருக்கின்றன. அந்தச் செல்வமே ஒரு தொல்லை. ஐந்து குழாய் வண்ணங்களோடு உட்கார்ந்தவருக்கு எல்லா நிறங்களும் அந்த ஐந்திலிருந்தே பிறப்பதால் படத்தில் ஓர் உறவு தானாக அமைகிறது. கோடி நிறங்களோடு உட்கார்ந்தவர் அந்த உறவை யோசித்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கும் ஐட்ராப்பர் கருவி இன்னும் மோசம். நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டை உண்மையில் எவ்வளவு கருமையானது என்பதைக் கண் கண்டுபிடிப்பதற்கு முன்பே கருவி விடையைச் சொல்லிவிடுகிறது.

நிறமிக்கும் தந்திரங்கள் உண்டு. நீர்வண்ணம் ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் வெளிறும். அக்ரிலிக் காய்ந்தபின் கருக்கும். குவாஷில் பொதுவாக வெளிர் நிறங்கள் கருத்தும் கரு நிறங்கள் வெளிறியும் காய்கின்றன. இவற்றைப் பழகிக்கொள்வதற்குச் செலவாகும் மாதங்களைத் திரையில் வேலை செய்பவர் மிச்சப்படுத்துகிறார். ஆனால் அவருக்கு வேறோர் ஏமாற்றம் அச்சகத்தில் காத்திருக்கிறது. திரை ஒளிர்ந்து காட்டும் பளிச்சென்ற பச்சையையும் மின்னும் நீலத்தையும் கூரிய ஆரஞ்சையும் சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு மைகளால் அச்சில் கொண்டுவர முடியாது. அவை மங்கித்தான் விழும். தாளில் நிறமியோடு பழகியவருக்கு இந்த மங்கல் அதிர்ச்சியாக இருப்பதில்லை, ஏனென்றால் வெள்ளைத்தாளைவிட வெளிச்சமானது எதுவும் படத்தில் இருக்க முடியாது என்பது அவருக்கு முன்பே தெரியும். திரைவழி மாணவர் தொடக்கத்திலிருந்தே, அச்சில் நிறம் எப்படி விழும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் வசதியை இயக்கிவைத்து வண்ணம் தீட்டப் பழக வேண்டும். முடித்தபின் மாற்றிப் பார்ப்பது மனத்தைப் புண்படுத்தத்தான் உதவும்.

அளவு விஷயத்தில் பொதுவாகத் திரைக்கே சாதகம் என்று நினைக்கிறோம், அது முழு உண்மையன்று. ஏ4 அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று திறந்த கோப்பில் 2480 × 3508 பிக்சல்களே உள்ளன. அதைப் பின்னால் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னால் கோடுகள் குழம்பிவிடும். ஏ4 தாளில் வரைந்த படத்தை 600-இல் ஸ்கேன் செய்தால், ஏ2 அளவில் 300-இல் அச்சிடும் அளவுக்குப் பிக்சல்கள் கிடைத்துவிடுகின்றன. இன்னொன்று, ஜூம். நான்கு மடங்கு பெரிதாக்கிக் கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக வரையும் மாணவர், அச்சில் அது தூசியாகக்கூடத் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார். தாளில் கையின் நீளமும் பேனாவின் முனையும் அந்த வரம்பைத் தாமே விதித்துவிடுகின்றன.

இந்தக் கணக்குகளை வைத்துப் பார்த்தால் மூன்றாம் வழி, அதாவது தாளில் கோடும் திரையில் வண்ணமும் என்பது, ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று புரிகிறது. அதன் நடைமுறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். வெளிர்நீலப் பென்சிலால் வரைவு போட்டு, அதன்மேல் கறுப்பு மையால் இறுதிக் கோட்டை இழுத்து, 600 ரிசொல்யூஷனில் வண்ணப் பயன்முறையில் ஸ்கேன் செய்கிறார்கள். கோப்பின் நீலச் சானலை மட்டும் எடுத்துக்கொண்டால் வெளிர்நீல வரைவு தாளின் வெள்ளையோடு கலந்து ஏறக்குறைய மறைந்துவிடும், கறுப்பு மட்டும் நிற்கும். அச்சுக்கூடக் கேமராக்களில் இருந்த, சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் வெளிர்நீலத்தை வெள்ளையைப் போலவே பதிந்ததால் வந்த பழைய பழக்கம் இது. கேமரா போயும் பென்சில் தங்கிவிட்டது. பின் கருமை-வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியைக் கொண்டு சாம்பலைத் துடைத்து, வெள்ளை மறைந்து கீழுள்ள நிறம் தெரியும் மல்டிப்ளை முறையில் கோட்டு லேயரை மேலே வைத்து, கீழே தட்டை நிறங்களை ஒரு லேயரிலும் நிழல்களை இன்னொரு லேயரிலும் தீட்டுகிறார்கள். மாணவருக்குத் தேவையான இரண்டும் இதில் கிடைக்கின்றன: அழிக்க முடியாத கோடு, அழிக்க முடிந்த வண்ணம். நீலப் பென்சிலை அழுத்திப் பூசினால் அதன் மெழுகு மையை ஒட்டவிடாது என்பது ஒன்றே கவனிக்க வேண்டியது.

இந்த வழியின் குறை கோட்டுக்கும் வண்ணத்துக்கும் உள்ள அந்நியம். மையின் நடுக்கமும் தாளின் சொரசொரப்பும் கோட்டில் இருக்கின்றன. வண்ணமோ வழவழப்பாக, கண்ணாடிபோல் கிடக்கிறது. கறுப்புக் கோடு ஸ்டிக்கரைப் போல மேலே ஒட்டப்பட்டதாகத் தோன்றும். கோட்டு லேயரின் வெளிப்படையான பகுதியைப் பூட்டிவிட்டுக் கோட்டுக்கே ஆங்காங்கே பழுப்பு அல்லது கருநீலம் கொடுப்பதும், தானே தாளில் பூசி ஸ்கேன் செய்துவைத்த நீர்வண்ணக் கறைகளை நிழலாகப் பயன்படுத்துவதும் இதைத் தணிக்கும். ஆயத்தமாகக் கிடைக்கும் தாள் டெக்ஸ்சரைப் படம் முழுவதும் போர்த்துவது தணிப்பதைவிட மறைப்பதாகவே எனக்குப் படுகிறது.

நான்காம் வழியைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. வண்ணமே தன் குரலாக இருக்கும் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். சிறுவரைவுகள், ஒளி-நிழல் அமைப்பு, வண்ணத் திட்டம் ஆகியவற்றைத் திரையில் செய்து வேலை கொடுத்தவரிடம் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். உருவத்தை நகர்த்துவதும் குடையின் நிறத்தை மாற்றுவதும் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதன்பின் வரைவைத் தாளுக்கு மாற்றி நீர்வண்ணத்திலோ குவாஷிலோ தீட்டலாம். மாற்றும் முறையில் ஒரு சிக்கல் உண்டு: 300 ஜிஎஸ்எம் தாளின் தடிப்பில், படியெடுக்க அடியிலிருந்து ஒளி தரும் லைட் பாக்ஸின் வெளிச்சம் சரியாக ஊடுருவாது. வரைவின் பின்புறம் கிராஃபைட் தேய்த்து மேலே அழுத்தி வரையலாம். அல்லது வரைவை மிக வெளிறலாக அந்தத் தாளிலேயே இங்க்ஜெட்டில் அச்சிடலாம், ஆனால் அச்சுப்பொறியின் மை சாய மையாக இருந்தால் முதல் நீர்ப்பூச்சிலேயே ஊறிப் பரவிவிடும், நிறமி மையாக இருக்க வேண்டும். கடைசிக் கண்டம் ஸ்கேனர். மெல்லிய, விலை குறைந்த ஸ்கேனர்களில் பெரும்பாலும் உள்ள சிஐஎஸ் சென்சாருக்குக் குவிய ஆழம் மிகக் குறைவு என்பதால், தாள் சற்று நெளிந்திருந்தாலும் அந்த இடம் கலங்கிவிடும். சிசிடி சென்சார் உள்ளவை இதைப் பொறுத்துக்கொள்கின்றன. தானியங்கித் திருத்தத்தை அணைக்காவிட்டால் மிக வெளிர்ந்த பூச்சுகளைத் தாளின் வெள்ளை என்று எண்ணி ஸ்கேனர் விழுங்கிவிடும்.

எந்த வகை வேலை என்பதும் தேர்வை மாற்றும். அட்டைப்படம், தனிப்படம் போன்றவற்றுக்கு நான்காம் வழி தாங்கும். சிறுவர் படப் புத்தகம் அப்படியன்று. பெரிய தாளை மடித்து வெட்டும் முறையில் பக்கங்கள் 8, 16 என்ற மடங்குகளில் அமைவதால் அவை வழக்கமாக 32 பக்கங்களில் வருகின்றன. 32 பக்கங்களிலும் ஒரே சிறுவன் ஒரே சட்டையில் ஓட வேண்டும். கையால் கலந்த சட்டை நிறம் மூன்றாம் பக்கத்திலும் இருபத்தேழாம் பக்கத்திலும் ஒன்றாக இருக்க, ஒரே நாளில் போதுமான அளவு கலந்து மூடிவைப்பதும் ஒரே தொகுப்பிலிருந்து தாள் வாங்குவதும் தேவைப்படும். திரையில் அது ஒரு வண்ணக் கட்டத்தைச் சேமித்து வைப்பதோடு முடிந்தது. நீண்ட வேலையை முதல்முறையாக ஏற்கும் மாணவர், நீர்வண்ணத்தில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், மூன்றாம் வழிக்கு வருவதே விவேகம்.

நீடித்து நிற்பதைப் பொறுத்தவரை இரண்டிலும் கவனம் வேண்டும். அலிஸரின் க்ரிம்ஸன் என்ற சிவப்பும் பளிச்சென்ற சாய மைகளும் ஒளி பட்டால் வெளுத்துவிடும். அச்சுக்கு மட்டும் வரைகிறவருக்கு இது பொருட்டன்று. மூல ஓவியத்தை விற்க எண்ணுகிறவர் குழாயின்மேல் உள்ள ஒளித்தாங்கு தரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். திரைவழியில் விற்பதற்கு மூல ஓவியம் என்று ஒன்று இல்லை. இருக்கும் கோப்புக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்ற விதியைப் பின்பற்றுவது நல்லது. ஜேபெக்காகத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சற்றுத் தேயும் என்பதால், லேயர்களோடு கூடிய கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவி வாங்குவதில் விளம்பரங்களின் எண்களுக்கு மயங்க வேண்டியதில்லை. 8192 அழுத்த நிலைகள் என்பது காதுக்கு இனியது. 2048-க்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் கை உணர்வது அரிது. மிக மெதுவாகத் தொட்டால் கோடு விழுகிறதா, கோடு ஸ்டைலஸுக்குப் பின்னால் தாமதமாக வருகிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். திரையில்லாத டேப்லெட்டில் கை ஓரிடம், கண் ஓரிடம் என்பதால் சில வாரங்கள் எரிச்சலாக இருக்கும். அதன் வரையும் பரப்பைத் திரையின் நீள-அகல விகிதத்துக்குப் பொருத்தாமல் விட்டால் வட்டம் முட்டையாக விழும், மாணவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அடோபி நிறுவனம் 2013-இல் தன் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு நகர்த்தியது. கிரிட்டா போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன. கற்கும் காலத்தில் லேயரும் மல்டிப்ளையும் நல்ல பிரஷ் ஒன்றும் இருக்கும் எதுவும் போதுமானது.

ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 2009-இல் ஐபோனிலும் 2010 முதல் ஐபேடிலும் வரையத் தொடங்கியபோது எழுபது வயதைக் கடந்திருந்தார். முதியவரே மாறிவிட்டார் என்று இதைத் திரைக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்த விரல் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் தாளிலும் கித்தானிலும் நடந்த விரல் என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் சான்று முழுமையாகும்.

ஆகவே, தொடக்கநிலை மாணவருக்கு என் பரிந்துரை இப்படி அமையும். முதல் ஆண்டில் நேரில் பார்த்து வரைவது, ஐந்து வண்ணங்களுக்குள் தீட்டுவது ஆகிய இரண்டும் தாளிலேயே நடக்கட்டும். அதே ஆண்டில் திரை சிறுவரைவுகளுக்கும் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கும் மட்டும் பயன்படட்டும், ஏனென்றால் அங்கே வேகமாக அழிப்பதுதான் பயிற்சி. இரண்டாம் ஆண்டில் ஒரே காட்சியை மூன்றாம் வழியிலும் நான்காம் வழியிலும் ஒவ்வொன்றாக முடித்து, செலவான மணிநேரங்களைக் குறித்துவைத்து, யாராவது ஒருவரை வேலை கொடுத்தவராக நடிக்கச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருத்தங்கள் கேட்கவைத்து, இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய டேப்லெட்டா, நல்ல ஸ்கேனரா, பருத்தித் தாளா என்ற செலவுக் கேள்வியை அந்த அச்சுப்படிகள் கைக்கு வரும்வரை ஒத்திவைக்கலாம்.